சபராலியின் இரண்டு அட்டைகள்

பாலாடை பிரிக்கும் எந்திரத்தைக் கழுவுவது அந்த வீட்டில் மருமகள் ஜிபாரின் வேலை. மெல்லிய தகரத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெந்நீரில் முக்கி, விரலால் வழித்து, வரிசை மாறாமல் கம்பியில் கோத்து வைக்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் மறுநாள் எந்திரம் வீடே அதிரும்படி அலறும். மாமியார் சாய்ராகுல் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே அன்றைக்கு நடத்தப்போகும் வகுப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அட்டையைத் திற. பேரைத் தேடு. வரலேன்னா பிளஸ்ஸை அமுக்கு. சரியாடி?"

"சரிதான் எனே. அமுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை தேடணும்னு நேத்து ராத்திரி நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க," என்றாள் ஜிபார். மாமியாரை அவள் 'எனே' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆமா, ஆமா. இன்னொரு தடவை."

வாசலில் ஊர்ப்பால் ஏற்றிப்போகும் லாரியின் டாங்கிகளுக்குள் குழாயை நுழைத்துக் கழுவிக்கொண்டிருந்த, சாய்ராகுலின் கணவன் சபராலி தலையை உள்ளே நீட்டினான். "என்ன, ரெண்டு பேரும் சேந்து பால் ஆலையையே தூக்கி நிறுத்தப் போறீங்களா? டீச்சரம்மா, கம்ப்யூட்டருக்குப் பால் குடிக்கவும் சொல்லிக்குடுத்துரு."

"நீங்க மொதல்ல டாங்கி மூடிய ஒழுங்கா மூடுங்க, எல்தியார் அப்பா. நேத்து வழியெல்லாம் சிந்திக்கிட்டே வந்தீங்களாம்."

சபராலி சிரித்துக்கொண்டே போனான். மனைவி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகன் பிறந்த நாளிலிருந்து எல்தியார் அப்பா. அதற்கு முன்னால் வெறும் 'இங்க பாருங்க'. கணவன், மாமனார், அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெயரைப் பெண்கள் சொல்லாத இந்த வழக்கம் கொச்கோர் மலைப்பக்கத்து வீடுகள் பலவற்றில் தேய்ந்துவிட்டது. சாய்ராகுல் வீட்டில் தேயவில்லை. சபராலிக்கு அதில் தனிப் பெருமை. விருந்துக்குப் போகிற இடத்திலெல்லாம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வான்: "மூணு வருஷமாச்சு. என் பேரு மருமக வாயில ஒரு தடவை வந்ததில்ல. சித்தப்பன் பெரியப்பன் பேருகூட வராது. இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்?"

சாய்ராகுலும் பத்தொன்பது வயதில் ஜும்கால் பக்கத்திலிருந்து கணவாய் தாண்டி இந்த வீட்டுக்கு வந்தவள்தான். மாமனார் பெயர் தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு. அதனால் அவள் இரும்பை இரும்பு என்று சொன்னதில்லை. 'கறுப்பு' என்பாள். கறுப்பு அடுப்பு, கறுப்புக் கம்பி, குதிரைக்குக் கறுப்பு அடிக்கணும். மாமனார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆன பிறகும் கடைக்காரனிடம் போய் "கறுப்பு ஆணி குடு" என்று கேட்டு, அவன் வண்ணம் தேடிக்கொண்டிருந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பால் ஆலை அரசாங்கத்துடையதாக இருந்தபோது அவள் பால் வாங்கும் இடத்தில் சேர்ந்தாள். ஆலை மூடியபோது நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று லாரிக்காரர்களுக்குக் கம்பளிக் காலுறை விற்றாள். ஆலையை யாரோ வாங்கித் திறந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். இந்த வருஷம் புதிய மென்பொருள் வந்தது. தலைநகர் பிஷ்கெக்குக்கு ஒருவரை அனுப்பிப் பழக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் ஆண்களெல்லாம் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவினார்கள். "நான் போறேன்" என்றாள் சாய்ராகுல். திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரு புதுப் பதவி, பயிற்சியாளர். கழுவுமிடத்துப் பெண்கள்கூட 'டீச்சர் எஜே', டீச்சர் அக்கா, என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அது அவள் காதுக்கு இதமாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜிபாரைப் பால் வாங்கும் சன்னலில் உட்காரவைத்ததும் அவள்தான். மூன்று மாதம் தற்காலிகம். பிஷ்கெக்கிலிருந்து ஆள் வந்து சோதித்துவிட்டால் நிரந்தரம். நிரந்தரமானால் ஜிபார் ஊரில் இருப்பாள். இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தில் அவளும் அங்கே வேலைக்குப் போயிருக்கும் கணவன் எல்தியார் பின்னால் மாஸ்கோ போய் யார் வீட்டுத் தரையையாவது துடைப்பாள். இரண்டு வயதுப் பேத்தி இங்கே தாயின் முகத்தைத் தொலைபேசியில் பார்த்து வளருவாள். அப்படி வளரும் பிள்ளைகள் அந்தத் தெருவில் ஏற்கனவே இருந்தார்கள். ஜிபார் இதைப் பற்றிப் பேசவே மாட்டாள். வேலை முடிந்தும் சன்னலை விட்டு எழாமல் பழகிக்கொண்டிருப்பாள்.

வகுப்பு நடந்தது சாப்பாட்டு அறையில். நாள்காட்டியைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சுவரில் படம் காட்டினார்கள். மேசைவிரிப்பில் சூப் வாசனை.

"எஜே, நான் மாட்டு மடிய புடிச்சுப் பழகுன கை. இதுல எதப் புடிக்கிறது?" என்றாள் தோக்தோகான். அவள் வாய் ஓயாது.

"மெதுவாப் புடி. தட்டும்போது கதவத் தட்டுற மாதிரி தட்டாத. கொழந்தைய தூங்கவைக்கத் தட்டுவியே, அப்படி."

"என் கொழந்தைங்கள நான் அப்படித் தட்டுனதே இல்லையே! அதான் ஒண்ணும் தூங்கல."

சிரிப்பு. சாய்ராகுலுக்கும் உற்சாகம் வந்தது. லாரி வந்ததும் பெயரைத் தேடி அட்டையைத் திறப்பது, அதிலுள்ள முழுப் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுவது, ஓட்டி வந்தவர் "இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் பச்சைப் பொத்தானை அழுத்துவது, எல்லாம் சொன்னாள். பழைய முறையில் ஒருவர் பால் இன்னொருவர் கணக்கில் ஏறிச் சண்டை வந்திருக்கிறது. அதனால்தான் கூப்பிடுவது.

"இப்ப ஒரு லாரி வருதுன்னு வெச்சுக்குவோம்." பட்டியலை உருட்டினாள். சுவரில் அடுத்து வந்து நின்ற பெயர்: சபராலி தெமிர்குல் உலு.

தெமிர்குல் மகன் சபராலி. ஒரே வரியில் இரண்டு பெயர்கள். ஒன்று கணவன். இன்னொன்று மாமனார். அறையில் பாதிப் பேர் அவள் ஊருக்கே வாழ்க்கைப்பட்ட மருமகள்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் எஜே என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கும் ஆசை அவர்கள் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேற ஆளுன்னு வெச்சுக்குவோம்," என்றாள் அவசரமாக. "பட்டியல்ல இல்லாத ஆளு. அப்ப என்ன பண்ணுவோம்? பிளஸ்." பிளஸ்ஸை அழுத்தினாள். ஒரு புது அட்டை திறந்தது. பெயர் என்ற இடத்தில் என்ன போடுவது? கை தானாகத் தட்டியது: குன்றடி வீட்டு லாரி.

"அடேயப்பா!" தோக்தோகான் கைதட்டினாள். குன்றடி வீடு டீச்சர் எஜேயின் வீடுதான் என்று அங்கே தெரியாதவர் இல்லை. "அப்ப எங்க மாமனாருக்கும் ஒண்ணு போட்டுக்கலாமா எஜே? 'தூங்குமூஞ்சி'ன்னு?"

அறை கொல்லென்று சிரித்தது. சூப் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு அந்த அட்டையை அழித்துவிட வேண்டும் என்று சாய்ராகுல் நினைத்தாள். நினைத்தது நிஜம். அழிக்கவில்லை.

அதன்பின் வேலை வெண்ணெயாக ஓடியது. ஜிபார் இருக்கும் நேரத்தில் லாரி வரிசை நிற்கவே நிற்காது. சாய்ராகுல் ஒருநாள் எட்டிப் பார்த்தபோது திரையில் வேறு சில புது அட்டைகளும் இருந்தன. வெள்ளைக் குதிரைக்காரர். மேல்தெரு மாமா. மீசை பாய்கே, அதாவது மீசை அண்ணன். எல்லாரும் ஜிபார் பெயர் சொல்லக்கூடாத பெரியவர்கள். அந்தப் பெயர்களை அவள் சன்னலில் கூப்பிட்டபோது லாரிக்காரர்களும் சிரித்துக்கொண்டே "இருக்கேன்" என்றார்கள். சாய்ராகுலும் சிரித்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படிப் புது அட்டை போடக்கூடாது என்று சொல்ல நினைத்தாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் ஜிபாருக்கு விடுமுறை. சன்னலில் இருந்த பையன் சபராலியின் பாலை அவனுடைய சொந்தப் பெயர் அட்டையில் ஏற்றினான். மாலையில் பரிசோதனை அறை நஸீரா பார்த்தாள். பாலில் மாட்டு ஊசி மருந்து இருந்தது. அது கலந்தால் பால் உறையாது. ஊரில் யாரோ காய்ச்சல் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, சொல்லாமல் பாலை ஊற்றியிருக்கிறார்கள். நஸீரா அன்றைய பாலை ஒதுக்கவைத்து, அந்த அட்டைக்குச் சிவப்புப் போட்டாள். சிவப்பு விழுந்தால் மறுசோதனை வரை அந்த லாரியின் பாலை வாங்கக்கூடாது. போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றுதானே பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை சபராலி வந்தான். ஜிபார் வழக்கம்போல 'குன்றடி வீட்டு லாரி' அட்டையைத் திறந்தாள். அதில் சிவப்பு இல்லை. பச்சையை அழுத்தினாள். பால் கொப்பரைக்குப் போய், மற்ற எல்லோர் பாலோடும் கலந்தது. மதியம் அது உறையவில்லை. பாலாடைக்கட்டி ஆக வேண்டிய ஒரு கொப்பரைப் பாலை ஆண்கள் வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றினார்கள். முற்றமெல்லாம் புளித்த வாசனை. யாரும் தோக்தோகானிடம்கூடச் சிரிக்கவில்லை.

பிஷ்கெக்கிலிருந்து அக்தான் அடுத்த நாளே வந்துவிட்டான். சோதனைக்கு வர வேண்டியவனும் அவன்தான். முப்பது வயது இருக்கும், மெலிந்த பையன். குரலை உயர்த்தத் தெரியாது. இயக்குநர் ஜானிஷின் அறையில் ஜிபாரை நிற்கவைத்து, சாய்ராகுலை உட்காரவைத்துக் கேட்டான்.

"இந்த 'வெள்ளைக் குதிரைக்காரர்' யாரு?"

"என் சித்தப்பா," என்றார் ஜானிஷ் சோர்வாக. "குதிரை செத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

"இந்த 'மீசை பாய்கே'?"

ஜானிஷுக்கும் சொந்தமாக மாடுகள் உண்டு. அவர் கை தானாகத் தன் மீசைக்குப் போனது. வேறு நாளாக இருந்தால் அந்த அறை சிரிப்பில் இடிந்திருக்கும்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு அட்டை. ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல பச்சை. இந்தப் புரோகிராம் வாங்கினதே இது நடக்கக்கூடாதுன்னுதான்," என்றான் அக்தான். ஜிபாரைப் பார்த்தான். "உங்களத் திட்டணும்னு கேக்கல. யாராவது இப்படிச் செய்யச் சொல்லிக்குடுத்தாங்களா?"

'நான்தான்' என்று சாய்ராகுல் சொல்லியிருக்கலாம். முதல் அட்டை எந்தத் தேதியில் யார் போட்டது என்று இன்னொரு பொத்தானைத் தட்டினால் தெரியும். ஆனால் அவன் தட்டவில்லை, மனிதர்களிடம் கேட்டான். அவள் நினைத்தாள்: நான் சொன்னால் பயிற்சியாளர் பதவி போகும், இருவரும் ஒரேயடியாகக் கெட்டோம். சொல்லாமல் இருந்தால், பெரியவளாக இருந்து அவளுக்காக நாலு வார்த்தை பேசலாம். நினைக்கும்போதே அது அந்த நிமிஷத்தில் செய்துகொண்ட காரணம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜிபார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாரும் சொல்லல பாய்கே. நானாத்தான் போட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பேரெல்லாம் சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

அக்தான் புரியாமல் ஜானிஷைப் பார்த்தான். அவர் இரண்டு வார்த்தையில் விளக்கினார். "எங்கம்மா எங்க தாத்தாவப் பேரு சொல்லித்தான் திட்டுவாங்க," என்றான் அக்தான். பிறகு கொஞ்சம் யோசித்தான். "அழிச்சுட்டேன் இந்த அட்டைங்களை எல்லாம். நாளைக்குக் காலைல நான் பக்கத்துல நிப்பேன். வர்ற லாரி அத்தனையும் உள்ள பேரு சொல்லிக் கூப்பிட்டு ஏத்தணும். முடிஞ்சா நிரந்தரம்னு எழுதிட்டுப் போறேன். முடியலேன்னா சன்னல் வேண்டாம். கழுவுற எடம் இருக்கான்னு பாருங்க பாய்கே."

"அங்க ஆளு நிறைஞ்சாச்சு," என்றார் ஜானிஷ்.

சாய்ராகுல் பேச நினைத்த நாலு வார்த்தையில் ஒன்றும் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து மாலைத் தேநீருக்கு உட்கார்ந்தபோது சபராலி ஏற்கனவே கொதித்துப்போயிருந்தான். ஊசி போட்ட வீட்டுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான். ஜிபார் பக்கத்து அறையில் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பால் கெட்டது மாட்டால. பேரால இல்ல," என்றான்.

"ரெண்டாலயும்தான். நாளைக்கு அவ கூப்பிடணும். நீங்க அனுமதி குடுத்தா அவளுக்கு வாய் வரும்."

"எப்படிக் கூப்பிடணும்?"

"முழுப் பேரும்."

"எங்க அத்தா பேரோட சேத்தா?"

"அட்டைல அப்படித்தான் இருக்கு."

சபராலி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ சொல்லுவியா?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

"கேக்குறேன்ல. இத்தன வருஷமா நீ சொல்லாத பேர, நேத்து வந்த புள்ள ஊரு முன்னாடி சொல்லணும். அப்படித்தானே? நல்ல டீச்சர்."

"அவ மாஸ்கோ போயிட்டா புள்ளய நீங்க பாத்துக்குவீங்களா?"

சபராலி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொன்னான். "சொல்லட்டும். நான் ஒண்ணும் சாக மாட்டேன். ஆனா நான் அங்க நிக்க மாட்டேன். லாரிய என் தம்பி ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

பக்கத்து அறையில் குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்த ஜிபாரின் குரல் நின்றது. பிறகு மறுபடியும் தொடர்ந்தது.

காலையில் தம்பி புல் அறுக்கப் போய்விட்டான். ஊர்ப்பாலோ காத்திருக்காது. வரிசையில் நான்காவதாக, கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, சபராலியே உட்கார்ந்திருந்தான்.

ஜிபார் தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அக்தான் பின்னால் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் சாய்ராகுல். முதல் லாரி வேற்றூர். இரண்டாவது, வெள்ளைக் குதிரைக்காரராக இருந்தவர். ஜிபார் திரையைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"ஷெய்ஷென்பாய் கசீபெக் உலு."

கிழவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அடியே! எங்கம்மா செத்தப்புறம் இவ்வளவு சத்தமா என்ன யாரும் கூப்பிட்டதில்ல. என்ன தப்பு பண்ணேன்?"

"'இருக்கேன்'னு சொல்லுங்க அத்தா," என்றாள் ஜிபார், கெஞ்சலாக.

"இருக்கேன், இருக்கேன். எவ்வளவு நாளோ தெரியல, இருக்கேன்."

மேல்தெரு மாமா சிரிக்கவில்லை. "காலம் இப்படி ஆயிருச்சா" என்று தனக்குத்தானே சொன்னார். ஆனாலும் "இருக்கேன்" என்றார்.

சபராலியின் லாரி சன்னலுக்கு வந்தது. நஸீரா எடுத்த மறுசோதனை சுத்தமாக இருந்தது. அட்டையில் சிவப்பு போய்விட்டது. சபராலி இறங்கி, சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி குழாயை மாட்டினான். லாரியில் இரண்டு டாங்கிகள்.

"சபராலி தெமிர்குல் உலு," என்றாள் ஜிபார்.

சாய்ராகுலுக்கு யாரோ தன் தலைத்துணியை உருவியது போலிருந்தது. சபராலி திரும்பவில்லை. பதில் வராமல் பச்சையை அழுத்தக்கூடாது. ஜிபார் காத்திருந்தாள். பின்னாலிருந்த லாரி ஒலி எழுப்பியது.

"சபராலி தெமிர்குல் உலு," என்றாள் இன்னும் உரக்க.

"இருக்கேன்." நீதிமன்றத்தில் நிற்பவன் மாதிரி சொன்னான்.

ஜிபார் பொத்தானை அழுத்தினாள். அக்தான் கையிலிருந்த தட்டையான கருவியில் ஏதோ குறித்தான். "போதும். நல்லாப் பண்றீங்க," என்றான். பிறகு சாய்ராகுலிடம் திரும்பினான். "எஜே, ரெண்டாவது டாங்கிய நீங்க ஏத்துங்க. பயிற்சியாளரும் ஒண்ணு செஞ்சு காட்டினாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். சும்மா ஒரு முறைக்குத்தான்."

சாய்ராகுல் உட்கார்ந்தாள். அட்டை எண் அவளுக்கு மனப்பாடம். எண்ணைத் தட்டினாள். பெயர் வந்தது. பெரிய எழுத்தில், சுவரில் அன்று பார்த்த அதே பெயர்.

"கூப்பிடுங்க எஜே."

வாயைத் திறந்தாள். முதல் எழுத்துக்கு நாக்கு எழுந்தது. பிறகு எதுவும் நகரவில்லை. வெளியே சபராலி இப்போது திரும்பி, கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தான், அவ்வளவுதான். அன்று வகுப்பில் மருமகள்கள் பார்த்தது போல.

அக்தான் தொலைபேசியில் வந்த செய்தியைப் படிக்கக் குனிந்திருந்தான்.

"சபராலி தெமிர்குல் உலு," என்றது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அவசரமில்லாமல், இயல்பாக, காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருப்பவள் சொல்வது போல.

"இருக்கேன்," என்றான் சபராலி.

சாய்ராகுலின் விரல் பச்சையை அழுத்தியது. அக்தான் நிமிர்ந்து, திரையில் பச்சையைப் பார்த்து, குறித்துக்கொண்டான். "ரெண்டு பேருக்கும் வாழ்த்துகள்," என்று சொல்லிவிட்டு ஜானிஷின் அறைக்குப் போனான்.

அறையில் இருவரும் மட்டும். சபராலி குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுநாள் மாதிரிப் பால் எடுக்கத் தரும் காலி சீசாக்களை வாங்காமலே லாரியைக் கிளப்பிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் அடங்கும்வரை சாய்ராகுல் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வீட்டுல ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

"சரி எனே."

"வேலை கெடச்சிருச்சுல்ல. அதுதான் முக்கியம்."

ஜிபார் மேசையிலிருந்த காலி சீசாக்களைக் கூடையில் அடுக்கினாள். சாய்ராகுல் தன் கைகளைப் பார்த்தாள். தனக்கு முன்னால் திறந்திருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அந்த மொத அட்டைய நான்தான் போட்டேன்னு இப்ப போயி ஜானிஷ்கிட்ட சொல்லிரட்டுமாடி? நீ என்ன சொல்ற?"

வெளியே அடுத்த லாரி ஒலி எழுப்பியது. ஜிபார் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மாமியாரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, அதைத் தன்னிடம் கேட்கத் தேவையில்லை என்பது போல, சபராலி விட்டுப்போன சீசாக்களோடு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.